வெந்நீர்க் கோபம்

மூளையை அரிவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக அரிகிறேன். முதல் பதினாறு வருடம் எலி மூளை, அதன்பின் மனித மூளை. இதற்குப் பதவி உயர்வு என்று பெயர் வைத்துக் கடிதமும் கொடுத்தார்கள்.

பக்கத்து மருத்துவமனையின் அறுவை அரங்கிலிருந்து நீல மூடி போட்ட குப்பியில் ஒரு துண்டு வரும். பட்டாணி அளவு இருக்கும். டாக்டர் சிக்கனமானவர் என்றால் அரைப் பட்டாணி. அதைப் பொடியாக அரிந்து, கரைத்து, வடிகட்டி, மைக்ரோகிளியா என்ற ஒரே ஒரு வகைச் செல்லை மட்டும் பிரித்துத் தர வேண்டும். மூளைக்குள்ளேயே குடியிருக்கும் நோய் எதிர்ப்புச் செல் அது. எங்கள் இயக்குநர் மேடைகளில் அதை 'மூளையின் காவல் படை' என்பார். கிட்டத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன், அவை துப்புரவுப் பணியாளர்கள். செத்ததை விழுங்கும், உடைந்ததைப் பொறுக்கும். வம்பு ஏதாவது வந்தால்தான் உருவம் மாறி, நல்லது கெட்டது பார்க்காமல் கடித்துவைக்கும். அந்த வம்புக்குத்தான் அழற்சி என்று பெயர்.

ஒரு செல்லுக்குள் சுமார் இருபதாயிரம் மரபணுக்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. பெரும்பாலானவை எங்கள் நிர்வாகப் பிரிவு மாதிரி, இருக்கும், அவ்வளவுதான். எந்த மரபணு பேசுகிறது, எது வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று மெஷின் எண்ணிச் சொல்லும். மெஷின் சொல்வதைக் கணக்கம்மா படித்துச் சொல்வார். எங்கள் புள்ளியியல் நிபுணர் அவர், ஐம்பதை நெருங்குகிறவர். ஒரு நாளைக்கு அதிகபட்சம் நாற்பது வார்த்தை பேசுவார், அதில் முப்பது எண்கள். கணக்கம்மா சொல்வதை இயக்குநர் உலகத்துக்குச் சொல்வார்.

இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக். ஒருமுறை அரங்கில் மைக் செத்துப்போய், அது தெரியாமலே இருபது நிமிடம் பேசினார். கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்டது.

போன வருடம் மைக் ஒரு கண்டுபிடிப்பு செய்தார். மூளை அழற்சி உள்ளவர்களின் மைக்ரோகிளியாவில் நாற்பத்தொரு மரபணுக்கள் உச்சக்குரலில் கத்துகின்றன. நல்ல மூளையில் அதே நாற்பத்தொன்றும் அமைதி. நல்ல மூளை என்றால், ஆழத்தில் இருக்கும் கட்டியை எடுக்கப் போகும்போது வழியில் இருந்த பாவத்துக்காக வெட்டப்பட்டது. இந்த நாற்பத்தொன்றுக்கும் மைக் 'கோபப் பட்டியல்' என்று பெயர் சூட்டினார். பத்திரிகைக்காரர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. 'கோபப்படும் மூளையைச் சமாதானப்படுத்தும் விஞ்ஞானி' என்று பாதிப் பக்கம் போட்டார்கள். படத்தில் அவர் திரவம் உறிஞ்சும் பிப்பெட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

கோபத்தைக் கண்டுபிடித்தால் தணிக்க வேண்டாமா? வேறு ஏதோ நோய்க்கென்று செய்து, விலைபோகாமல் கிடந்த ஒரு மருந்து, எலியில் அந்தப் பட்டியலின் சத்தத்தைக் குறைத்தது. உடனே மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனைக்கு ஏற்பாடாயிற்று. இருபத்து நான்கு நோயாளிகள். ஒரே ஒரு நிபந்தனை: பழைய மாத்திரை உடம்பில் இருந்தால் புது மருந்தின் பெருமை தெரியாது என்பதால், ஆறு வாரம் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும்.

அந்த இருபத்து நான்கு பேரில் என் தங்கை ஒருத்தி.

அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். அங்கே அவளை ஒற்று மேடம் என்பார்கள். க், ச், த், ப் எங்கே விட்டுப்போனாலும் மோப்பம் பிடித்துவிடுவாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் இடது கால் மரத்துப்போயிற்று. உட்கார்ந்தே இருக்கிறாய், அதனால்தான் என்றோம். இரண்டு வாரத்தில் இடது கண் மங்கியது. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் ஓடினோம். டாக்டர்கள் மூளைக்குள் அழற்சி என்றார்கள். ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அது நோயைப் பிடித்து நிறுத்தியது. போனதைத் திருப்பித் தரவில்லை. காலை இழுத்துக்கொண்டேதான் நடக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜின் அறையில் இருக்கிறார், வருடத்துக்கு இரண்டு மாதம் கணவர். ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் ஐந்தரை மணிக்கு அவளை உடற்பயிற்சி மருத்துவரிடம் கூட்டிப்போவது நான்.

பரிசோதனைக்கான ஒப்புதல் படிவம் பதினாறு பக்கம். அவள் அதைச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்தாள். இருபத்து மூன்று சந்திப் பிழை, ஆறு எழுத்துப் பிழை. 'மருந்துக் கொடுக்கப்படும்' என்ற இடத்தில் க்-ஐ அடித்துவிட்டு, இப்படி எழுதுகிறவன் என் மூளையில் கை வைக்கப் போகிறானா என்றாள். ஆனால் அதைச் சொல்லும்போது சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்துக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

இனி என் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூளைத் துண்டைச் செல்களாகப் பிரிக்க இரண்டு வழி. ஒன்று, ஐஸ் மேல் வைத்துக் கையாலேயே நசுக்கி நசுக்கிப் பிரிப்பது. மூன்று மணி நேரம் ஆகும், விரல் விறைத்துவிடும். இன்னொன்று, கரைக்கும் நொதியைப் போட்டு, உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் மிதக்கவிடுவது. அதற்கு இங்கிலீஷில் பெயர் இருக்கிறது, நாங்கள் வெந்நீர் என்போம். ஐஸ்தான் வழக்கம். ஆனால் மைக் எழுதிய கையேட்டில் இரண்டும் அனுமதிக்கப்பட்டிருந்தது. எப்போது எது என்பதற்கு அவர் எழுதியிருந்தது ஒரே சொல்: 'சூழலுக்கேற்ப.'

என் சூழல் வெள்ளிக்கிழமை நாலரை மணி. அழற்சி நோயாளிகளுக்கு மூளையில் துண்டு எடுத்துப் பார்க்கும் டாக்டர், வெள்ளிக்கிழமை மட்டும்தான் கத்தியைத் தொடுவார். துண்டு என் கைக்கு வர மூன்று மணி ஆகும். ஐஸில் உட்கார்ந்தால் ஆறு. தங்கை அச்சகப் படிக்கட்டில் காத்திருப்பாள். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் வெந்நீர். நோட்டில் கடைசிக் கட்டம் குறுகல், ஒரு எழுத்துதான் பிடிக்கும். 'வெ' என்று போட்டுவைப்பேன். ஐஸ் என்றால் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவேன், வழக்கமாகச் செய்வதை எவன் எழுதுவான்.

ஒரு திங்கட்கிழமை கணக்கம்மா என்னைக் கூப்பிட்டார். கட்டுரையை வெளியிடும் இதழ், ஒவ்வொரு துண்டின் வயது, பாலினம், தேதி எல்லாவற்றையும் அட்டவணையாகக் கேட்டிருந்தது. அவர் கணினியில் என் நோட்டின் கடைசிக் கட்டத்துக்கு மேலே 'கிழமை' என்று தலைப்புப் போட்டிருந்தார்.

"வெ-ன்னா வெள்ளிதானே சார். முழுசாப் போட்டுடறேன்."

"இல்லம்மா. வெந்நீர்."

"என்னது?"

"வெந்நீர்ல பிரிச்சது. சும்மா விட்டிருந்தா ஐஸ்."

அவர் திரும்பவில்லை. நோயாளிகளில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் அறுவை சிகிச்சை வெள்ளிக்கிழமைதான் நடந்திருக்கிறது, தேதியோடு பொருந்தியது, அதனால் சந்தேகமே வரவில்லை என்று திரையிடம் சொன்னார். கிழமையால் மரபணு மாறாது என்பதால் அந்த வரிசையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லையாம். பிறகு எதையோ தட்டினார். இரண்டு நிறத்தில் புள்ளிகள் வந்தன. பதினாலு நோயாளிகளில் பதின்மூன்று பேர் வெந்நீர். பன்னிரண்டு நல்ல மூளைகளில் பதினொன்று ஐஸ்.

மிச்சம் இருந்த இருவரை எனக்கே நினைவிருந்தது. டாக்டர் ஊருக்குப் போனதால் புதன்கிழமை வந்த ஒரு நோயாளி, ஐஸில் செய்தது. அவர் மைக்ரோகிளியா சத்தமே போடவில்லை. 'நோய் முற்றாத நிலை' என்று மைக் அவரை நீக்கினார். வெள்ளிக்கிழமை தவறி வந்த ஒரு நல்ல மூளை, வெந்நீரில் செய்தது. அது கூரை பறக்கக் கத்தியது. 'துண்டின் தரம் சரியில்லை' என்று அதையும் நீக்கினார். உண்மையைச் சொன்ன இரண்டே பேரையும் தேடிப்பிடித்து வெளியே அனுப்பியிருந்தோம்.

"அப்ப இது நோயாளிக்கும் நல்லவங்களுக்கும் உள்ள வித்தியாசம் இல்ல," என்றார் கணக்கம்மா. "வெந்நீருக்கும் ஐஸுக்கும் உள்ள வித்தியாசம்."

இருக்கலாம் என்றேன். செத்துக்கொண்டிருக்கும் செல்லைக் கத்தியால் கொத்தி, சூடாக வைத்தால் அதன் மரபணுக்கள் அரை மணி நேரமும் விழித்திருந்து கத்தும். ஐஸில் அவை எழுந்திருக்கவே நேரம் இல்லை. எங்கள் மெஷின் கேட்டது நோயாளியின் மூளை போட்ட சத்தத்தையா, என் தொட்டியில் மிதந்த செல் போட்ட சத்தத்தையா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அப்போது பயம் வரவில்லை. வர வேண்டிய இடம் என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

சோதித்துவிடலாம் என்று கணக்கம்மா சொன்னார். மைக் வெளிநாட்டில் கோபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் வருவார். அந்த வாரமே ஒரு நல்ல மூளைத் துண்டு கிடைத்தது. இரண்டாக வெட்டி, பாதியை வெந்நீரிலும் பாதியை ஐஸிலும் போட்டேன். வெள்ளிக்கிழமை ஒரு நோயாளியின் துண்டு. அதையும் அப்படியே செய்தேன். ஆறே முக்கால் ஆயிற்று.

தங்கை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். உடற்பயிற்சி மருத்துவர் அதற்குள் கதவைப் பூட்டிக்கொண்டு போயிருப்பார். மூன்று வருடத்தில் நான் தாமதமாக வந்தது அதுதான் முதல் தடவை. அவள் கோபிக்கவில்லை. ஒரு விஷயம் சொல்லட்டுமா, திட்டக் கூடாது என்றாள்.

மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். அன்றைக்கு ஒன்பதாவது நாள். கையெழுத்து அடுத்த வாரம்தான், ஆனால் சீக்கிரம் நிறுத்தினால் சீக்கிரம் தயாராகிவிடலாம், யாராவது பின்வாங்கினால் முதல் குழுவிலேயே கூப்பிடுவார்கள் என்று அவளாகவே கணக்குப் போட்டிருக்கிறாள். பரிசோதனைப் பிரிவு நர்ஸிடம்கூடச் சொல்லவில்லை.

"கை எப்படி இருக்கு?" என்றேன். வலது கையை மடியில் ஒரு மாதிரி வைத்திருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ரெண்டு விரல் நுனி மட்டும் கொஞ்சம் எறும்பு ஊர்ற மாதிரி. குளிரா இருக்கும்."

குளிர் இல்லை. மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாத வாரம் அது.

அப்போதே சொல்லியிருக்கலாம். மாத்திரையைப் போடு, இந்தப் பரிசோதனையில் ஏதோ தப்பு இருக்கிறது என்று ஒரு வரி போதும். முடிவு வரட்டும், நிச்சயம் தெரியாமல் அவள் சிரிப்பைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். ஆராய்ச்சிக் கூடத்தில் இதற்கு நேர்மை என்று பெயர். வீட்டில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். "சரி" என்றேன். அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய் மதியம் முடிவு வந்தது. கணக்கம்மா ஒரே ஒரு தாளாக அச்செடுத்துக் கொடுத்தார். வெந்நீர்ப் பாதி, யாருடையதாக இருந்தாலும் கத்தியது. ஐஸ் பாதி, யாருடையதாக இருந்தாலும் ஏறக்குறைய அமைதி. நாற்பத்தொரு கோபத்தில் முப்பத்தெட்டு என் தொட்டியில் பிறந்தது. நோயாளியின் ஐஸ் பாதியிலும் கொஞ்சம் முனகியது மூன்றே மூன்று. அந்த மூன்றின் மேல் இந்த மருந்துக்குச் செல்வாக்கு எதுவும் கிடையாது.

மைக் விமான நிலையத்திலிருந்து நேரே அறைக்கு வந்திருந்தார். கழுத்தில் மாநாட்டு அட்டை இன்னும் தொங்கியது. தாளைப் பார்த்தார், தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு பேசினார். விஞ்ஞானம் என்பது ஒரு நதி என்று ஆரம்பித்தார். நதி வெகுதூரம் போயிற்று. நடுவில் எங்கேயோ, இதைப் பிழை என்று சொல்வது அவசரம், 'கையாளுதலால் தூண்டப்படும் கோபம்' என்று புதிய கருத்தாக்கமாகவே முன்வைக்கலாம் என்றார். கோபம் எப்படி வந்தால் என்ன, வந்த கோபம் கோபம்தானே என்றார்.

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கணக்கம்மா அன்றைய நாற்பது வார்த்தையில் ஒரு பங்கைச் செலவு செய்தார்.

"என்னைக் கத்தியால அரிஞ்சு அரை மணி நேரம் வெந்நீர்ல போட்டா, நானும் கத்துவேன் சார். அதுக்கு எனக்கு நோய் இருக்கணும்னு இல்ல."

மைக் தாளை மேசை மேல் கவிழ்த்து வைத்தார். பரிசோதனைத் தொடக்க விழா பதினான்காம் தேதி, அழைப்பிதழ் போய்விட்டது, மந்திரி வருகிறார், அதுவரை இந்தத் தாள் இந்த அறையிலேயே இருக்கட்டும் என்றார். என்னைப் பார்த்தார். குரல் இறங்கியது. மைக் இல்லாமலும் அவரால் பேச முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"உங்க தங்கச்சியும் லிஸ்ட்ல இருக்காங்க இல்ல? அவங்களுக்கு இது எவ்வளவு பெரிய நம்பிக்கை. நீங்களே அதைப் பறிக்கப் போறீங்களா? யோசிங்க."

யோசிக்கிறேன் என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கையாளுதல் என்பது எத்தனை அழகான சொல்.

தங்கை வீட்டில் சமையலறை மேசைதான் அலுவலக மேசையும். எதிரே திருத்த வேண்டிய அச்சுத் தாள்கள் ஒரு கட்டு. சிவப்புப் பேனா இடது கையில் இருந்தது. அவள் இடது கைக்காரி இல்லை. ஓரங்களில் அவள் போட்டிருந்த குறிகள் முதல் வகுப்புப் பிள்ளை போட்டது போல இருந்தன.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை. மணிக்கட்டு வரைக்கும் மரத்துப்போச்சு. போன் பண்ணலாம்னு பார்த்தேன், பண்ணினா மாத்திரையப் போடுன்னு சொல்லுவ. புது மருந்து வந்தா இதுவும் சேர்ந்து சரியாயிடும்ல."

நான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ், வெந்நீர், கட்டம், ஒரு எழுத்து, நீக்கப்பட்ட இருவர், முப்பத்தெட்டு, மூன்று. நான் சொன்ன விதம் ஏதோ அடுத்த தெருவில் நடந்த விபத்தைச் சொல்வது போலத்தான் இருந்திருக்கும். எனக்கு வேறு குரல் வரவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள், பிழை தேடும்போது கேட்கிற மாதிரி.

"வெள்ளிக்கிழமை மட்டும் எதுக்கு வெந்நீர்?" என்றாள்.

அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. படிக்கட்டில் ஐந்து மணிக்கு வந்து நிற்கும் அண்ணனை மூன்று வருடம் பார்த்தவள்.

"நான் வாடகைக் கார்ல போயிருப்பேனேண்ணா."

"தெரியும்."

"எத்தனை நாளாத் தெரியும் இது?"

"சந்தேகம் போன திங்கள். நிச்சயம் இன்னிக்குத்தான்."

அவள் விரல் விட்டு எண்ணவில்லை. ஆனால் கண் ஒரு இடத்தில் போய் நின்றது. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்தது. அதைப் பற்றி அவள் கேட்டிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

மருந்து வேலையே செய்யாதா என்று கேட்டாள். செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம், எதன் மேல் வேலை செய்கிறது என்று கொடுக்கிறவர்களுக்கே தெரியாது என்றேன். நெறிமுறைக் குழுவுக்கு இந்தத் தாளை அனுப்பினால் இருபத்து நான்கு பேருக்கும் பரிசோதனை நின்றுவிடும் என்றேன். எனக்கு மட்டும் நிற்காமல் பண்ண முடியுமா என்றாள். முடியாது என்றேன். தெரியும், சும்மா கேட்டேன் என்றாள்.

"மூணு வருஷமா எல்லா வரிசையிலயும் நான் உக்காந்துட்டுத்தான் இருக்கேன். எழுந்து வாங்கம்மான்னு ஒருத்தர் கூப்பிட்டது இதுக்குத்தான்." அனுப்பட்டுமா என்றேன். "என்கிட்ட எதுக்கு இப்பக் கேக்குற? அனுப்பணும்னா அனுப்பு," என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து போனில் கடிதம் எழுதினேன். எட்டு வரி. தாளைப் படமெடுத்து இணைத்தேன். அனுப்பும் முன் அவளிடம் நீட்டினேன். படித்தாள். இரண்டாம் வரியில் ஒரு ஒற்றை விட்டிருந்தேன், அனுப்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவள் பார்த்திருப்பாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. திருத்தாமல் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு மாத்திரை டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறக்க இடது கையும் பல்லும் வேண்டியிருந்தது. நான் எழுந்தேன். உட்கார் என்றாள்.

நெறிமுறைக் குழு ஆச்சரியமாக மூன்றே நாளில் கூடியது. பரிசோதனை 'மறு ஆய்வு வரை ஒத்திவைக்கப்படுகிறது' என்று ஒரு வரி வந்தது. மந்திரிக்கு வேறு விழா கிடைத்திருக்கும், கவலையில்லை. மறு வாரமே மைக் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, தங்கள் பிழையைத் தாங்களே கண்டுபிடித்து அறிவிக்கும் துணிச்சல் உலகில் எத்தனை ஆய்வுக்கூடங்களுக்கு உண்டு என்று கேட்டார். அடுத்த மாநாட்டுக்குத் தலைப்பு தயார்: 'கையாளுதலின் கோபம்.' நன்றிப் பட்டியலில் என் பெயரும் கணக்கம்மா பெயரும் வரும் என்று சொன்னார். கணக்கம்மா தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். நான் என் பெயரை அப்படியே விட்டுவிட்டேன். என் வேலை போகவில்லை. ஐஸில் மூளை அரிய ஆள் கிடைப்பது கஷ்டம். கையேட்டில் 'சூழலுக்கேற்ப' என்ற சொல்லை அடித்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கையை அவளுடைய நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அமைதியான மனிதர். புதுப் படங்களை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். புதிதாக ஒரு வெள்ளைப் புள்ளி, மாத்திரையை மறுபடி தொடங்கியது நல்லது, மேலே பரவாது என்று நம்பலாம் என்றார். கையில் போன உணர்வு திரும்புமா என்று நான் கேட்டேன். சில பேருக்குத் திரும்பும் என்றார். சில பேர் என்ற சொல்லை டாக்டர்கள் எந்தக் குரலில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், நாங்களும் அதே குரலில்தான் சொல்வோம்.

டாக்டர் அவள் வலது கையை மேசை மேல் மல்லாத்தி வைத்தார். ஒரு ஊசியை எடுத்துச் சுண்டுவிரல் நுனியில் தொட்டார்.

"தெரியுதாம்மா?"

"தெரியுது," என்றாள் உடனே.

அடுத்த விரல். தெரியுது. அதற்கடுத்தது. தெரியுது. ஒவ்வொரு முறையும் ஊசி போய் உட்காரும் இடத்தை அவள் கண் ஒரு நொடி முன்பே பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டார். "கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்கம்மா."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். மூடிக்கொண்டாள். டாக்டர் சுண்டுவிரலில் குத்தினார், மோதிர விரலில் குத்தினார், உள்ளங்கைக்கு வந்தார். மணிக்கட்டைத் தாண்டும்வரை, டாக்டர் எப்போது குத்தப் போகிறார் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள்.